தட்டணுக்களை உறைய வைக்கலாமா? இரத்தப் புற்றுநோயாளியின் பக்கமிருந்து ஒரு மதிப்புரை

இரத்த வங்கியில் வாங்கக்கூடிய பொருள்களிலேயே மிகக் குறைந்த ஆயுள் கொண்டது தட்டணுப் பைதான். சிவப்பணுக்களைத் தகுந்த கரைசலோடு குளிர்பெட்டியில் வைத்தால் 42 நாள்கள் தாங்கும். பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஓராண்டு வரை இருக்கும். இரத்தக்கசிவை அடைக்கும், மருத்துவமனைகளில் எல்லாரும் பிளேட்லெட் என்று சொல்லும் தட்டணுக்களுக்கோ ஐந்தே நாள்கள்தான் கெடு. முழு இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பைகளுக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய கட்டாயப் பரிசோதனைகள் முடிவதற்குள் அந்த ஐந்திலும் ஒரு நாள் போய்விடும். தீபாவளி, பொங்கல் போன்ற தொடர் விடுமுறைகளில் கொடையாளர்கள் சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டால், சில நாள்களிலேயே கையிருப்பு கரைந்துவிடுகிறது. கீமோதெரபி எடுத்துக்கொண்டு படுத்திருப்பவரின், தட்டணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை அந்த விடுமுறைக்காகக் காத்திருப்பதில்லை.

இதனால்தான், இரத்தப் புற்றுநோயான லுகேமியாவுக்குரிய வார்டில் நோயாளியோடு தங்கியிருக்கும் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: கிடைக்கும்போதே எடுத்து உறைய வைத்துக்கொள்ளக் கூடாதா? என் தம்பி அக்யூட் மைலாய்டு லுகேமியாவுக்குச் சென்னையில் சிகிச்சை பெற்ற மாதங்களில் நானும் அதே கேள்வியோடு இருந்தேன். சாதாரணத் தட்டணுப் பைகளை அருகிலிருந்து பார்த்தவளாகவும், உறைய வைத்த பைகளைப் பற்றிக் கிடைத்த ஆய்வுகளைப் படித்து இரத்த மைய மருத்துவர்களிடம் துளைத்துத் துளைத்துக் கேட்டவளாகவும் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இன்று புழக்கத்தில் உள்ள ஒவ்வொரு வகைப் பையும் இரத்தப் புற்றுநோயாளிக்கு எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதே இதில் நான் எடுத்துக்கொண்ட அளவுகோல். விபத்தில் அடிபட்டவருக்கோ அறுவை சிகிச்சை மேசையில் இருப்பவருக்கோ இந்த மதிப்பீடு வேறாக இருக்கும். அதை இடையிடையே சுட்டிக்காட்டுகிறேன்.

முதலில், இந்தப் பொருள் என்ன வேலைக்காக வாங்கப்படுகிறது என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். ஆரோக்கியமான உடலில் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்துக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை உயிரோடு சுற்றி வந்து, இரத்தக் குழாய்களில் ஏற்படும் நுண்ணிய கிழிசல்களை அடைத்துக்கொண்டே இருக்கும். லுகேமியாவில் மஜ்ஜையை நோய் ஆக்கிரமித்துக்கொள்வதாலும், கீமோதெரபி மஜ்ஜையைத் துடைத்து எடுத்துவிடுவதாலும் புதிய தட்டணுக்கள் பிறப்பதே நின்றுபோகிறது. எண்ணிக்கை பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கும்போது, காலில் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றன. பல் துலக்கினால் ஈறில் இரத்தம் கசிகிறது. கடும் தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் மூளையில் கசிவு இருக்குமோ என்று மருத்துவர்கள் ஓடி வருகிறார்கள். எண்ணிக்கை குறையக் குறைய இரத்தக்கசிவு கூடுகிறது என்ற தொடர்பை, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரைரைக்கும் அவருடைய சகாக்களும் லுகேமியா நோயாளிகளிடமே ஆராய்ந்து 1962-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பு லுகேமியாவில் இரத்தக்கசிவே மரணத்துக்கு மிகப் பெரிய காரணங்களில் ஒன்றாக இருந்தது.

ஆகவே நமக்கு வேண்டியது, நோயாளியின் உடலுக்குள் போய் இரண்டு மூன்று நாள்களாவது சுற்றிக்கொண்டிருக்கும் தட்டணு. அந்த நொடியிலேயே ஓர் இரத்தக்கசிவை அடைத்துவிட்டு மறைந்துபோகும் தட்டணு நமக்குப் பாதிப் பயன்தான். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், சேமிப்பு முறைகளைப் பற்றிய மற்ற எல்லாக் குழப்பங்களும் தாமாகவே தெளிந்துவிடும்.

இன்று உலகெங்கும் பெரும்பாலும் பயன்படுவது அறை வெப்பநிலைப் பை. 20 முதல் 24 டிகிரி செல்சியஸில், கண்ணாடிக் கதவு வைத்த ஒரு பெட்டிக்குள், தட்டுகளில் படுக்க வைத்த பைகள் நிமிடத்துக்கு அறுபது எழுபது தடவை இடமும் வலமும் மெல்ல அசைந்துகொண்டே இருக்கும். இரவில் இரத்த மையத்தின் வாசலில் காத்திருக்கும்போது அந்தப் பெட்டியின் ஒரே சீரான கிறீச்சொலி மட்டும் வெளியே கேட்கும். அசைக்காமல் விட்டால் அணுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் லாக்டிக் அமிலம் சேர்ந்து, பைக்குள் அமிலத்தன்மை கூடி, அணுக்கள் செத்துவிடும். பையின் பிளாஸ்டிக்கே காற்று ஊடுருவக்கூடிய தனி வகை. நல்ல பையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து லேசாகச் சுழற்றினால், உள்ளே பட்டுத்துணி மடிவதுபோல் ஒரு மினுமினுப்பு சுழன்று ஓடும். தட்டணுக்கள் தட்டு வடிவம் மாறாமல் இருக்கின்றன என்பதற்கு அதுவே அடையாளம். அந்தச் சுழல் இல்லாமல் திரவம் மந்தமாகத் தெரிந்தால் அணுக்கள் உருண்டைகளாகிவிட்டன என்று பொருள். இரவுப் பணியில் இருந்த செவிலியர் ஒருவர், ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு பையையும் குழல் விளக்குக்கு நேரே உயர்த்திப் பார்த்த பிறகே மாட்டுவார். அவரிடம் கேட்டுத்தான் நானும் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

அறை வெப்பநிலையின் குறை வெளிப்படையானது. கிருமிகள் வளர்வதற்கு மிக வசதியான வெப்பநிலை அது. அமெரிக்காவில் 1984-இல் இந்தப் பைகளை ஏழு நாள்கள் வரை வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். பாக்டீரியா தொற்றுகள் தெரியவந்ததால் 1986-இல் மீண்டும் ஐந்து நாள்களாகக் குறைத்தார்கள். வெள்ளணுக்களே இல்லாமல் படுத்திருக்கும் லுகேமியா நோயாளிக்குப் பை வழியாகக் கிருமி போவது எத்தகைய ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை. ஏற்றும்போது குளிர் நடுக்கமோ காய்ச்சலோ வந்தால் உடனே நிறுத்தச் சொல்வது இதற்காகவும்தான். பையின் ஆயுளைக் கட்டுப்படுத்துவது அணுக்களின் முதுமையைவிட அதிகமாக இந்தக் கிருமி பயமே.

அப்படியானால் குளிர்பெட்டியில் வைத்தால் என்ன? 1960-களில் அப்படித்தான் வைத்தார்கள். 1969-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்காட் மர்ஃபியும் ஃபிராங்க் கார்ட்னரும், குளிரில் வைத்த தட்டணுக்கள் உடலுக்குள் போனதும் மிக விரைவில் மறைந்துவிடுகின்றன என்றும், அறை வெப்பநிலையில் வைத்தவை பல நாள்கள் சுற்றுகின்றன என்றும் காட்டினார்கள். அதன் காரணம் வெகு காலத்துக்குப் பிறகே புரிந்தது: குளிரில் தட்டணுவின் மேற்பரப்பில் உள்ள சில ஏற்பிகள் ஒன்றாகத் திரண்டுவிடுகின்றன, அவற்றின் முனையிலுள்ள சர்க்கரைத் துணுக்குகளும் உதிர்கின்றன, இவற்றைக் கண்டுகொண்ட கல்லீரல் அவற்றைப் பிடித்து அப்புறப்படுத்திவிடுகிறது. ஆனால் குளிர்ந்த தட்டணு இரத்தக்கசிவு உள்ள இடத்தில் சுறுசுறுப்பாக ஒட்டும். எனவே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023-இல், வழக்கமான பை கிடைக்காதபோது, இரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு 14 நாள்கள் வரை குளிர வைத்த பையைக் கொடுக்கலாம் என்று வழிகாட்டியது. போர்க்களத்துக்கும் விபத்துச் சிகிச்சைக்கும் இது நல்ல செய்தி. எண்ணிக்கை எட்டாயிரமாக இருந்து, இன்னும் கசிவு தொடங்காமல், தடுப்புக்காக ஏற்றிக்கொள்ளும் லுகேமியா நோயாளிக்கு இது உகந்த பொருள் அல்ல.

இனி உறைய வைத்த பைக்கு வருகிறேன். நீருள்ள உயிரணுவைச் சும்மா உறைய வைத்தால் உள்ளே பனிப்படிகங்கள் உருவாகி அதைக் குத்திக் கிழித்துவிடும். ஆகவே டைமீத்தைல் சல்ஃபாக்சைடு என்ற பாதுகாப்புக் கரைசலை ஏறத்தாழ ஐந்து ஆறு சதவீத அளவுக்குச் சேர்க்கிறார்கள். அமெரிக்கக் கடற்படைக்காகப் பல பத்தாண்டுகள் உறைந்த இரத்த ஆய்வுகளை நடத்திய ராபர்ட் வலேரி, இந்தக் கரைசலைச் சேர்த்தபின் பையைச் சுழற்றி மேலே நிற்கும் திரவத்தை உறைய வைக்கும் முன்பே நீக்கிவிடும் முறையை வடிவமைத்தார். அதனால் உருகிய பிறகு கழுவும் வேலை மிச்சமானது. இப்படிச் சுருக்கப்பட்ட தட்டணுக்கள் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் இரண்டு ஆண்டுகள் வரை இருக்கும். தேவைப்படும்போது 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் சில நிமிடங்களில் உருக்கி, பிளாஸ்மாவிலோ உப்புக் கரைசலிலோ கலந்து, ஒரு சில மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். நெதர்லாந்து ராணுவம் இந்த முறையை பால்கன் பகுதியிலும் ஆப்கானிஸ்தானிலும் பயன்படுத்தியிருக்கிறது. கொடையாளரே இல்லாத இடத்தில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த தட்டணுவை வைத்து ஒருவரைக் காப்பாற்றுவது சாதாரணச் செயல் அல்ல. அந்த அளவில் இந்தப் பொருளின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

இரத்தப் புற்றுநோயாளிக்கு அது எப்படி? உருகி வரும் தட்டணுக்களில் பல தம் தட்டு வடிவத்தை இழந்திருக்கின்றன. சுழற்றிப் பார்த்தால் அந்த மினுமினுப்பு இராது. சவ்வு கிழிந்து நுண்துகள்கள் நிறைய உண்டாகியிருக்கின்றன. சவ்வின் உட்பக்கத்தில் இருக்க வேண்டிய கொழுப்புப் பொருள் வெளியே திரும்பியிருப்பதால் அவை உறைதலை மிக வேகமாகத் தொடங்கிவைக்கின்றன. இரத்தம் கொட்டும் இடத்தில் இது வரம். கசிவு இல்லாதவருக்குத் தடுப்பாக ஏற்றும்போது, சுற்றோட்டத்தில் தங்கும் தட்டணுக்களின் எண்ணிக்கை புதிய பையோடு ஒப்பிட்டால் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மறுநாள் காலை இரத்தப் பரிசோதனைத் தாளில் எண்ணிக்கை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்க்கும் குடும்பத்துக்கு இந்தப் பை ஏமாற்றம் தரும். பாதுகாப்புக் கரைசலில் மிச்சம் இருப்பது உடலில் மாறி, பூண்டு வாசனையாக மூச்சில் வெளியேறும். இரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை ஏற்றும் மாற்றுச் சிகிச்சையில் உறைந்த செல்களை ஏற்றிய அறைக்குள் நுழைந்தவர்களுக்கு அந்த வாசனை பழக்கமானதே. குமட்டல் சிலருக்கு வரும்.

இதுவரை வெளியான ஆய்வுகளும் அந்தத் திசையையே காட்டுகின்றன. சியாட்டிலைச் சேர்ந்த ஷெரில் ஸ்லிக்டரும் சகாக்களும் 2018-இல் வெளியிட்ட முதற்கட்ட ஆய்வில், தட்டணுக்கள் குறைந்து ஏற்கெனவே இரத்தக்கசிவு ஏற்பட்டிருந்த நோயாளிகளுக்கே உறைந்த பைகளை, அளவைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்தார்கள். அச்சப்பட்ட அளவுக்கு இரத்தக்கட்டுத் தீங்குகள் தென்படவில்லை. பலருக்குக் கசிவு தணிந்தது. ஆனால் அது பாதுகாப்பைச் சோதிக்கும் சிறிய ஆய்வு. ஆஸ்திரேலியாவில் 2019-இல் வெளியான முன்னோட்ட ஆய்வு இதய அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பற்றியது. இரண்டிலும் கேள்வி, கசிவை நிறுத்துவது பற்றியதே. தினசரித் தடுப்புக்கு உறைந்த பையை நம்பலாம் என்று இவற்றை வைத்து யாரும் வாதிட முடியாது.

ஒரே ஒரு சூழலில் மட்டும் உறைந்த பை இரத்தப் புற்றுநோயாளிக்கு உண்மையிலேயே ஈடிணையற்றது என்று நினைக்கிறேன். அந்தச் சூழலைப் பற்றித் தமிழில் யாரும் பேசிக் கேட்டதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பல பேரிடமிருந்து திரும்பத் திரும்பத் தட்டணுக்களை ஏற்றிக்கொள்ளும் நோயாளிகளில் சிலருடைய உடல், அந்நியத் தட்டணுக்களின் மேலுள்ள, ஆளுக்கு ஆள் வேறுபடும் எச்.எல்.ஏ. அடையாளங்களுக்கு எதிராக எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) உண்டாக்கிக்கொள்ளும். அதன் பிறகு எத்தனை பை ஏற்றினாலும் எண்ணிக்கை அசையாது; ஏற்றி முடித்து ஒரு மணி நேரத்தில் எடுத்த பரிசோதனையிலும் பழைய எண்ணே வரும். அடையாளம் பொருந்தும் கொடையாளரைத் தேடுவது பெரும்பாடு. இந்த நிலையில் உள்ளவர்களுக்காக, பால்டிமோரில் சார்லஸ் ஷிஃபர், ஜோசஃப் ஐஸ்னர், பீட்டர் வியர்னிக் ஆகியோர் 1978-இல் ஓர் அருமையான வழியைப் பதிவு செய்தார்கள். நோய் தணிந்து, மஜ்ஜை மீண்டு, எண்ணிக்கை இயல்புக்கு வந்திருக்கும் காலத்தில் அதே நோயாளியிடமிருந்தே தட்டணுக்களைச் சேகரித்து உறைய வைத்தார்கள். அடுத்த சுற்று கீமோதெரபியில் எண்ணிக்கை விழுந்தபோது அவருடையதையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். தன் சொந்தத் தட்டணுவை அந்த எதிர்ப்பொருள்கள் தாக்குவதில்லை. வேறு எந்தப் பையும் வேலை செய்யாத நோயாளிக்கு, பாதி அளவே தங்கினாலும் அது பொன்னான பாதி.

இந்த முறைக்கு மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியும், தடையில்லா மின்சாரமும், உறைய வைத்து உருக்கப் பழகிய பணியாளர்களும் வேண்டும். ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை செய்யும் பெரிய மையங்களில் செல்களை உறைய வைக்கும் கூடமும் அந்தக் கரைசலும் பெரும்பாலும் ஏற்கெனவே இருப்பதால், அங்கே இதைத் தொடங்குவது எட்டாத காரியம் அல்ல. ஆனால் நாங்கள் போன இடங்களில் இந்த வசதி இல்லை. ஆகவே உறைந்த பைக்கு நான் தரும் மதிப்பீடு இதுதான்: தினசரித் தடுப்புக்கு வேண்டாம்; புதிய பை கிடைக்காமல் இரத்தம் ஒழுகும் அவசரத்தில் ஏற்கலாம்; எதிர்ப்பொருள் உருவாகிவிட்ட நோயாளிக்கு, அவருடைய சொந்தத் தட்டணுவாக இருந்தால், கேட்டுப் பெற வேண்டிய பொருள்.

எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுப்பது அதைவிட மலிவு என்பதையும் சொல்லியாக வேண்டும். 1997-இல் அமெரிக்காவில் வெளியான டிராப் ஆய்வில், சாதாரணத் தட்டணுக்களைப் பெற்ற அக்யூட் மைலாய்டு லுகேமியா நோயாளிகளில் 45 சதவீதத்தினருக்கு இத்தகைய எதிர்ப்பொருள்கள் உருவாயின. வெள்ளணுக்களை வடிகட்டி நீக்கியோ புற ஊதாக் கதிர் பாய்ச்சியோ தந்த பிரிவுகளில் அது 17 முதல் 21 சதவீதமாகக் குறைந்தது. அதனால்தான் லுக்கோடிப்ளீட்டட் (வெள்ளணு நீக்கியது) என்று பையில் ஒட்டியிருக்கிறதா என்று முதல் பையிலிருந்தே பார்க்க வேண்டும். பத்தாவது பையில் கேட்பதால் பயன் மிகக் குறைவு.

அறை வெப்பநிலைப் பைகளிலும் இரண்டு வகை உண்டு. வார்டில் எல்லார் வாயிலும் புழங்கும் பெயர்கள் ஆர்.டி.பி., எஸ்.டி.பி. முன்னது ஒருவர் தரும் ஒரு யூனிட் இரத்தத்திலிருந்து பிரித்த ஐம்பது எழுபது மில்லிலிட்டர் பை. பெரியவர் ஒருவருக்கு ஐந்தாறு பைகள் சேர்த்து ஏற்ற வேண்டியிருக்கும். பின்னது ஒரே கொடையாளரிடம் இயந்திரம் வைத்து எடுத்தது. அந்த ஒரு பையே ஐந்தாறு சிறிய பைகளுக்குச் சமம், விலையும் அதற்கேற்பப் பல மடங்கு. ஒரே ஆளின் அணுக்கள் என்பதால் நோயாளி சந்திக்கும் அந்நிய அடையாளங்களும் கிருமித் தொற்றுக்கான வாய்ப்பும் குறைகின்றன. நீண்ட சிகிச்சையில் இருக்கும் இரத்தப் புற்றுநோயாளிக்கு எஸ்.டி.பி.யே என் தேர்வு. பணமோ கொடையாளரோ இல்லாத நாளில் ஆர்.டி.பி.யை மறுத்துவிட்டுக் காத்திருப்பது தவறு. பத்தாயிரத்துக்குக் கீழே எண்ணிக்கை இருக்கும்போது கையில் இருக்கும் பையே நல்ல பை.

கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பை பற்றியும் ஒரு வார்த்தை. 25 கிரே அளவில் கதிர் பாய்ச்சினால், பையில் மிச்சமிருக்கும் கொடையாளரின் லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் பெருகும் ஆற்றலை இழந்துவிடும். பாய்ச்சாவிட்டால் அவை எதிர்ப்பாற்றல் இழந்த நோயாளியின் உடலுக்குள் வேரூன்றி அந்த உடலையே தாக்கலாம். அரிதாக நிகழ்வதுதான், ஆனால் நிகழ்ந்தால் பெரும்பாலும் உயிர் தப்புவதில்லை. கொடையாளர் இரத்த உறவினராக இருந்தால் இந்த ஆபத்து கூடுகிறது. உறவினர் தருவதைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. சொந்தத் தம்பிக்கு நான் கொடுக்காமல் வேறு யார் கொடுப்பார்கள் என்று இரத்த மையத்துக்குப் போய் நின்றபோது, அங்கிருந்த மருத்துவ அலுவலர் என்னைத் தனியே அழைத்து உட்கார வைத்தார். "நீங்க கொடுக்காதீங்கம்மா. தம்பிக்கு டிரான்ஸ்பிளான்ட் செய்ய வேண்டி வந்தா, உங்க ஸ்டெம் செல் அவருக்குத் தேவைப்படலாம். இப்பவே உங்க ரத்தத்தை ஏத்தி அவர் உடம்பு அதை எதிர்க்கப் பழகிடக் கூடாது" என்றார். உடன்பிறந்தவர்களின் இரத்தப் பொருள்களை மாற்றுச் சிகிச்சைக்கு முன்பு தவிர்க்க வேண்டும் என்பதை அந்த ஐந்து நிமிடத்தில் அவர் விளக்கியதற்கு என் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

சேமிப்பைப் பற்றிப் பேசும்போது சிக்கனத்தையும் பேச வேண்டும். முன்பு எண்ணிக்கை இருபதாயிரத்தைத் தொட்டாலே பை ஏற்றினார்கள். 1997-இல் இத்தாலியில் நடந்த ஆய்வு, பத்தாயிரம் வரை பொறுத்திருந்தாலும் பெரும் இரத்தக்கசிவு கூடுவதில்லை என்று காட்டியது. காய்ச்சலோ கசிவோ இருந்தால் கணக்கு வேறு. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்ற வகையில் இரத்தம் உறைதலே தாறுமாறாகிவிடுவதால் அங்கே இன்னும் உயர்ந்த எண்ணிக்கையைக் காக்கிறார்கள். 1272 நோயாளிகளை வைத்து 2010-இல் வெளியான பிளாடோ ஆய்வு, தடுப்புக்காகக் குறைந்த அளவில் கொடுத்தாலும் இரத்தக்கசிவைத் தடுப்பதில் அது பின்தங்குவதில்லை என்று கண்டது. அடிக்கடி ஏற்ற வேண்டியிருக்கும் என்பதே வேறுபாடு. தட்டுப்பாடான நாளில் ஒரு எஸ்.டி.பி.யை இரண்டு நோயாளிகளுக்குப் பிரித்துத் தரலாமா என்று மருத்துவர் கேட்டால் மனம் கலங்க வேண்டியதில்லை. மறுபக்கம், தடுப்பு ஏற்றமே வேண்டாம், கசிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற முறையை 600 பேரிடம் சோதித்து 2013-இல் வெளியான டாப்ஸ் ஆய்வில், தடுப்பாக ஏற்றியவர்களில் 43 சதவீதமும் ஏற்றாதவர்களில் 50 சதவீதமும் கசிவுக்கு உள்ளானார்கள். தடுப்பு ஏற்றம் வீண் அல்ல.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெங்குக் காய்ச்சல் பரவும்போது இந்தச் சிக்கனம் எல்லாருடைய கடமையும் ஆகிறது. கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்கு எண்ணிக்கை இருபதாயிரத்துக்குக் கீழே போனாலும் தடுப்பாக ஏற்றுவதால் நன்மை இல்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. டெங்குவில் மஜ்ஜை சில நாள்களில் தானே மீண்டுகொள்ளும். கீமோதெரபியில் இருப்பவருக்கு வாரக்கணக்கில் மீளாது. ஒரே பெட்டியில் அசைந்துகொண்டிருக்கும் அதே பைகளுக்குத்தான் இரு தரப்பும் காத்திருக்கிறார்கள். பப்பாளி இலைச் சாற்றை லுகேமியா நோயாளிக்குக் கொடுக்கச் சொல்லி வரும் அன்பான அறிவுரைகளையும் இங்கே தவிர்க்கச் சொல்வேன். வெள்ளணு இல்லாதவருக்குப் பச்சையாக அரைத்த எதுவும் தொற்றுக்கு வழி.

இனி, எவ்வளவு நல்ல பையையும் பாழாக்கிவிடும் கடைசி அரை மணி நேரம். வெளி இரத்த வங்கியிலிருந்து சிவப்பணுப் பை வாங்கி வரும் பழக்கத்தில், தட்டணுவையும் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்துப் படுக்கை நோயாளியின் அப்பா, வெயிலில் கெட்டுவிடுமே என்று ஐஸ் கட்டிகளுக்கு நடுவே பையைப் புதைத்து இரண்டு சக்கர வண்டியில் நகரைக் கடந்து வந்தார். கொடுத்தனுப்பிய இடத்தில் ஒருவரும் அவருக்கு ஒரு சொல்கூடச் சொல்லியிருக்கவில்லை. செவிலியர் பையைத் தொட்டுப் பார்த்ததுமே முகம் மாறிப்போனது. இது அந்தத் தகப்பனின் குறை அல்ல. பையோடு சேர்த்துத் தமிழில் நாலு வரி எழுதிய ஒரு சீட்டைக் கொடுக்காத அமைப்பின் குறை. தட்டணுவை ஐஸில் வைக்கக் கூடாது. வார்டு குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. வெயிலும் படக் கூடாது. அறை வெப்பநிலையில் வைத்து நேராக வார்டுக்கு எடுத்துவந்து, உடனே ஏற்றத் தொடங்க வேண்டும். வார்டுக்கு வந்த பை மேசையில் கிடந்தால் அசைவின்றிக் கெடத் தொடங்குகிறது. எங்கள் மருத்துவமனையில் ஒரு நாள் பணி மாறும் நேரத்தில் பை வந்து, கையெழுத்துக்காகக் காத்து மேசையிலேயே கிடந்தது. கேட்ட பிறகே எடுத்தார்கள். பணிவாகவும் விடாமலும் கேளுங்கள்.

கொடையாளர்களைப் பற்றி முன்கூட்டியே திட்டமிடுவது, எந்த உறைபெட்டியைவிடவும் எங்களுக்குக் கைகொடுத்தது. இயந்திரம் வழியாகத் தட்டணு கொடுப்பவர் 18 முதல் 60 வயதுக்குள், 50 கிலோவுக்குக் குறையாத எடையும், 12.5-க்குக் குறையாத ஹீமோகுளோபினும், ஒன்றரை லட்சத்துக்கு மேல் தட்டணுவும், இரு கைகளிலும் நல்ல நரம்பும் உள்ளவராக இருக்க வேண்டும். முந்தைய மூன்று நாள்களில் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதட்டோரம் சிலிர்ப்பதுபோல் இருக்கும். கால்சியம் மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும். சிவப்பணுக்கள் உடலுக்கே திரும்பிவிடுவதால் 48 மணி நேர இடைவெளியில் மறுபடியும் கொடுக்கலாம். வாரத்துக்கு இரண்டு தடவை, ஆண்டுக்கு 24 தடவை என்பது வரம்பு. கீமோதெரபி தொடங்கும் நாளைச் சொல்லிவிட்டால், எண்ணிக்கை எந்த வாரத்தில் அடிமட்டத்துக்குப் போகும் என்று மருத்துவர் ஏறத்தாழச் சொல்லிவிடுவார். அந்த வாரத்துக்கு அதே இரத்தப் பிரிவைச் சேர்ந்த சிலரை முன்பே பரிசோதனை செய்து வைத்து, ஒருவர் பின் ஒருவராக வரச் சொன்னோம். எண்ணிக்கை விழுந்த பிறகு நள்ளிரவில் வாட்ஸ்அப் குழுக்களில் கெஞ்சுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இப்போது சிகிச்சையில் இருப்பவர்களின் குடும்பத்தினர் மருத்துவரிடம் நேரடியாகக் கேட்க வேண்டியவை: முதல் பையிலிருந்தே வெள்ளணு நீக்கி, கதிர் பாய்ச்சித் தருகிறார்களா, பை ஏற்றி ஒரு மணி நேரம் கழித்து எண்ணிக்கை பார்க்கிறார்களா, அடுத்தடுத்து இரண்டு தடவை எண்ணிக்கை உயரவில்லை என்றால் எச்.எல்.ஏ. எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு அனுப்புவார்களா. அந்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் இருப்பதாக வந்தால், நோய் தணிந்திருக்கும் இடைவெளியில் நோயாளியின் சொந்தத் தட்டணுவை எடுத்து உறைய வைக்கும் வசதி அந்த மையத்திலோ அருகிலுள்ள மாற்றுச் சிகிச்சை மையத்திலோ உண்டா என்று, அடுத்த சுற்று கீமோதெரபிக்குத் தேதி குறிப்பதற்கு முன்பாகவே கேட்டுவிடுங்கள். எண்ணிக்கை மறுபடி விழத் தொடங்கிவிட்டால் சேகரிப்பதற்கு எதுவும் இருக்காது.